தூக்கணாங்குருவியும் குரங்கும்: ஒரு நீதிக்கதை பற்றிய மறுபரிசீலனை

மழையில் நனைந்து நடுங்கிய குரங்கொன்றைத் தன் கூட்டினுள் இருந்தவாறே பார்த்தது ஒரு தூக்கணாங்குருவி. மனிதனைப் போலக் கையும் காலும் பெற்றிருந்தும் உனக்கென ஒரு வீட்டைக் கட்டிக்கொள்ளாது இவ்வாறு வருந்துகின்றாயே என்று அது அறிவுரை கூறிற்று. சினங்கொண்ட குரங்கு பாய்ந்து சென்று கூட்டைப் பிய்த்தெறிந்தது. இக்கதையை அறியாத தமிழர் அரியர். நம்மிற் சிலர் இதனை ஆச்சிமாரின் மடியிலிருந்து கேட்டோம்; சிலர் பாடப் புத்தகத்திற் படித்தோம்; விவேகசிந்தாமணிச் செய்யுளாக மனனஞ் செய்து ஒப்புவித்தோரும் உளர். கேட்ட எவரும் குருவிக்காக இரங்கினோமேயன்றிக் குரங்கின் பக்கம் நின்று ஒரு வினாவேனும் எழுப்பினோமல்லோம்.

மானிப்பாயில் வளரும் பிள்ளையொருவனுக்கு இக்கதையின் பாத்திரங்களுள் ஒன்று அயலவர். மற்றையது தொலைவில் உள்ளது. பனங்கூடலிலும் கிணற்றடியிற் சாய்ந்து நிற்கும் மரக்கிளையிலும் தூக்கணாங்குருவிக் கூடு தொங்குவதை அவன் காணலாம். குறுந்தொகைச் செய்யுளொன்று (374) இக்குருவி நெடிய பனையிலே பின்னிய கூட்டினையே சிக்கலுக்கு உவமையாகக் கூறுகின்றது. ஆகவே பனைக்கும் இக்குருவிக்குமுள்ள உறவு ஈராயிரம் ஆண்டளவு பழையது எனலாம். குரங்கினையோ அவன் பெரும்பாலும் கதையிலும் கோயிற் சிற்பத்திலுமே காண்கிறான். உயிருடன் காண வன்னிப் பக்கம் செல்லவேண்டும். நேரில் அறிந்திராத விலங்கொன்றைப்பற்றி நாம் கொண்டுள்ள உறுதியான தீர்ப்பு எங்கிருந்து வந்தது என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுந்த பொருள்.

நீதிக்கதைகள் குழந்தைகளுக்குரியன என்று கருதி நமது திறனாய்வாளர் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை. ஒரு சமுதாயம் தன் கருத்துநிலையை ஆழமாகப் பதியவைப்பது வினாவெழுப்பும் வயதுக்கு முற்பட்டோரிடத்தேயாகும். நாவலும் புதுக்கவிதையும் பெறும் கவனத்தில் ஒரு சிறு பகுதியையேனும் பாலபாடங்கள் பெறுமாயின் நமது சமூக வரலாற்றின் பல முடிச்சுக்கள் அவிழும் என்று நாம் கருதுகிறோம்.

கதையின் ஊற்று பஞ்சதந்திரத்தில் உள்ளது. அந்நூலின் முதற் பகுதியிலே பறவை குரங்குக்குப் புத்திகூறிக் கெட்ட கதைகள் இரண்டு உள. ஒன்று மேலே கூறியது. மற்றையதிற் குளிரால் வருந்திய குரங்குகள் மின்மினியை நெருப்பென மயங்கிக் குவித்து ஊதுகின்றன. அது நெருப்பன்று என்று மீண்டும் மீண்டும் எடுத்துரைத்த பறவையை ஒரு குரங்கு பிடித்துப் பாறையில் அறைந்து கொல்கின்றது. இதோபதேசத்திலும் மழைக்குரங்கின் கதை இடம்பெறுகின்றது. கிளைக்கதைகளின் நோக்கம் வெளிப்படையானது: மூடனுக்குப் புத்திகூறாதே.

நூலின் தொடக்கத்தை இவ்விடத்து நினைவிற் கொள்ளுதல் தகும். பஞ்சதந்திரம் எழுந்தமைக்குக் கூறப்படும் காரணமே அமரசக்தி என்னும் அரசனின் மூன்று புதல்வரும் மந்த புத்தியினர் என்பதாகும். அவர்களை ஆறு திங்களில் அறிவுடையோராக்குவதாக விட்டுணுசர்மன் சூளுரைக்கிறான். அவ்வாறே ஆக்கியும் விடுகிறான். எனவே மூடருக்குக் கல்வி ஏறாது என்பது நூலாசிரியரின் கொள்கையன்று. அரச குலத்து மூடருக்கு அது ஏறும்; மரத்தின் மேல் நனைந்துகொண்டிருக்கும் மூடருக்கே ஏறாது! ஒரே நூலின் தலைவாயிலில் ஒரு நியாயமும் உள்ளறையில் வேறொரு நியாயமும் நிலவுகின்றன. நூலைப் போற்றியோர் பலர் இம்முரண்பாட்டைக் காணாது சென்றமை வியப்பன்று. அவர்கள் தலைவாயிலால் நுழைய அநுமதிக்கப்பட்டவர்கள்.

விவேகசிந்தாமணி யார் செய்தது என்பது தெரியாத, பிற்காலத்துத் தனிப்பாடற்றொகை. அதன் செய்யுள் இக்கதையை நான்கடியிற் சுருக்கி, இறுதியில் ஒரு பொது விதியை வகுக்கின்றது. ஞானத்தையும் கல்வியையும் நூற்பொருளையும் ஈனருக்கு எடுத்துரைத்தால் துன்பமே விளையும் என்பது அவ்விதியின் சாரம். வடமொழிக் கதையில் ‘மூடன்’ நின்ற இடத்திலே தமிழ்ச் செய்யுளில் ‘ஈனர்’ வந்து நிற்கக் காண்கிறோம். மூடத்தனம் ஒருவனது அறிவின் நிலை. அது இன்று இருந்து நாளை நீங்கலாம். ஈனம் என்பதோ பிறப்பையும் தாழ்நிலையையும் சேர்த்துச் சுட்டும் சொல். அன்றியும், குருவி குரங்குக்குச் சொன்னது வீடு கட்டு என்னும் ஒரு சிறு வார்த்தை. செய்யுளோ ஞானம், கல்வி, நூல் எனக் கதையில் இல்லாத மூன்றினையும் கொணர்ந்து சேர்க்கிறது. குரங்கு எந்த நூலையும் கேட்கவில்லை. குரங்கின் கதையைச் சாட்டாகக் கொண்டு மனிதருட் சிலரைக் கல்வியினின்றும் விலக்குவதற்கான நியாயம் இங்கே கட்டப்படுகின்றது.

குருவி கூறியது அறிவுரைதானா என்பதும் கேட்கத்தக்கது. கொட்டும் மழையில் வீடுடையான் ஒருவன் தன் வாசலில் நின்றுகொண்டு, வீடற்று நனைபவனை நோக்கி ‘நீ ஏன் வீடு கட்டவில்லை’ என்று வினவுகிறான். அவ்வேளையில் அவ்வார்த்தையால் நனைபவனுக்கு யாது பயன்? ஒதுங்க இடந் தருவதாகவோ, மழை விட்டபின் கூடமாட உதவுவதாகவோ குருவி கூறியதாக எந்த வடிவமும் இல்லை. வறியவனது வறுமைக்கு அவனது சோம்பலே காரணம் என்று செல்வர் காலங்காலமாகக் கூறிவரும் கூற்றைத்தான் குருவியும் கூறுகின்றது. குரங்கின் செயல் நியாயமானது என்று நாம் வாதிக்க வரவில்லை; கூட்டினுள் முட்டையோ குஞ்சோ இருந்திருக்கலாம். ஆயினும் கதைசொல்லி கூட்டின் அழிவைக் காட்டிய அளவிற்கு அந்த வினாவிலிருந்த குத்தலைக் காட்டவில்லை.

இயற்கையில் இவ்விரண்டும் எவ்வாறு வாழ்கின்றன? தூக்கணாங்குருவிகளிற் கூடு பின்னுவது ஆண். பனையோலை, நெல், புல் ஆகியவற்றின் நாரைக் கிழித்து வந்து, தலைச்சீரா வடிவிற் பாதிக்கூட்டை அமைத்துச் சிறகடித்துப் பெண்ணை அழைக்கும். பெண் வந்து பார்வையிட்டு ஏற்றாலே கூடு முழுமை பெறும். ஏலாவிடின் பாதியிலே கைவிடப்பட்டுக் காற்றில் ஆடும். இளைய ஆண்கள் பின்னுபவை செம்மையற்றனவாய் இருக்கும். பழகப் பழகவே திருந்தும். பின்னும் திறத்தின் அடிப்படை பிறப்போடு வந்தது. எந்தக் குருவியும் மற்றொன்றின் உபதேசங் கேட்டுப் பின்னத் தொடங்குவதில்லை. யாவற்றுக்கும் மேலாக, அக்கூடு மழைக்கு ஒதுங்குவதற்கான வீடன்று. முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தற்கான தொட்டில். இனப்பெருக்கப் பருவம் கழிந்ததும் குருவிகள் கூட்டங்கூட்டமாகக் கோரையிலும் நாணலிலும் இராத்தங்கும். பருவம் நீங்கினால் அறிவுரை கூறிய குருவியும் வீடற்றதே.

குரங்கின் நிலையோ இதற்கு எதிர்மாறானது. அது கூடு கட்டும் இயல்பினதன்று. மழையில் ஒன்றையொன்று அணைத்துக் குறுகியிருந்து உடற்சூட்டைக் காத்துக்கொள்ளும். ஆனால் அது கற்கும். யப்பானின் கோசிமாத் தீவில் 1953இல், இமோ என்று ஆய்வாளர் பெயரிட்ட ஒன்றரை வயதுப் பெண்குரங்கு வற்றாளங்கிழங்கை நீரிற் கழுவி மண்போக்கி உண்ணத் தலைப்பட்டது. அப்பழக்கம் அதன் விளையாட்டுத் தோழருக்கும் தாய்க்கும் பரவிச் சில ஆண்டுகளில் அக்கூட்டத்தின் பெரும்பகுதிக்கும் உரியதாயிற்று. முதிர்ந்த ஆண்குரங்குகளே கற்பதிற் பின்தங்கின. (மனித சமுதாயத்தையும் இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம், அஃது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.) கற்றல் நிகழ்ந்த முறைபற்றி ஆய்வாளரிடையே பின்னர் விவாதம் எழுந்ததுண்டு, பழக்கம் பரவிற்று என்பதில் ஐயமில்லை. நமது நாட்டிலே பொலன்னறுவையில் 1968 முதல் வொல்ஃப்காங் டிட்டஸ் இலங்கைக்கே உரிய செங்குரங்குகளை ஆராய்ந்து வந்துள்ளார். நல்லுணவு மிகுந்திருக்கும் இடத்தைக் கண்ட குரங்கு தனியொரு குரலெழுப்பித் தன் கூட்டத்துக்கு அறிவிக்கின்றது என்பதை அவர் 1984இல் வெளியிட்டார். கண்டதைத் தான் மட்டும் உண்ணாது பிறருக்கு உரைக்கும் குரல் அது.

ஆகவே கதை கூறுவதை இயற்கை தலைகீழாக்கி விடுகின்றது. பிறரிடமிருந்து பெற்றுக்கொள்ளும் ஆற்றல் இவ்விரண்டனுள் எதற்கு மிகுதி என்று கேட்டால், குரங்குக்கே என்பதுதான் விடை. கல்வி ஏறாது என்று எதனைச் சுட்டினார்களோ அதுவே கற்கும் விலங்கு.

இவ்வாறு கூறும்போது ‘கதையிற் போய் விலங்கியல் தேடுவதா’ என்று கேட்பர். தேடவேண்டியதில்லைதான், கதை தன் விதியை இயற்கையின் பெயரால் நிலைநாட்டாதிருந்தால். குரங்குப் புத்தி மாறாது, ஆதலால் ஈனர் புத்தியும் மாறாது என்பது அதன் வாதம். முற்கூற்று வீழ்ந்தால் பிற்கூற்று எதன்மேல் நிற்கும்?

யாருக்கு எதனைக் கற்பிக்கலாம் என்னும் வினா யாழ்ப்பாணத்தில் ஏட்டளவில் நின்றதன்று. மானிப்பாய் அதற்கு நல்ல சான்று. 1842இல் இங்குள்ள அமெரிக்க மிசன் அச்சகத்தில் வெளிவந்த தமிழகராதி இன்றும் ‘மானிப்பாய் அகராதி’ என்றே அறியப்படுகின்றது. 1847இல் இலங்கை வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவம் பயிற்றிய காலத்தில், மேலை மருத்துவத்தைத் தமிழிற் கூறவியலாது என்ற எண்ணமே அறிஞரிடை மேலோங்கியிருந்தது. அவர் நூல்களைத் தமிழிற் பெயர்த்தும் பெயர்ப்பித்தும், தமிழிலேயே மாணாக்கருக்குக் கற்பித்தும் அதனைப் பொய்யாக்கினார். ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இல் வெளிவந்தது. எந்த மொழியில் என்னும் வினாவுக்கு மானிப்பாய் விடை கண்டது. யாருக்கு என்னும் வினாவோ அடுத்த நூற்றாண்டிலும் நீடித்தது. 1920களின் இறுதியில் அரசினர் உதவிபெறும் பாடசாலைகளிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சமவாசனம் அளித்தல்வேண்டும் என்று வந்தபோது யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்பு நாமறிந்ததே. பாடசாலைகள் தீக்கிரையான நிகழ்ச்சிகளும் உண்டு. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசு சமவாசனத்தின் பக்கம் நின்றது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது. ஆயினும் 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது.

பாடசாலைக்குத் தீயிட்டவர் விவேகசிந்தாமணியைப் படித்துவிட்டே சென்றனர் என்று நாம் கூறவில்லை. இலக்கியம் அத்துணை நேராகத் தொழிற்படுவதில்லை. நிலமும் கிணறும் குடிமைத் தொண்டும் பற்றிய நலன்களே அவர்களைச் செலுத்தின. அந்நலன்களுக்கு அறத்தின் முகத்தைத் தந்துதவிய கருத்துக்களுள் இக்கதையும் ஒன்று என்பதே நமது கூற்று. இங்கு மற்றொரு வேறுபாடும் மனங்கொள்ளத்தக்கது. கதையிலே கூட்டைப் பிய்த்தது கல்வி கூறப்பட்ட குரங்கு. வரலாற்றிலே பள்ளிக்கூடத்தை எரித்தோர் கல்வி தமக்கே உரியது என்றிருந்தோர்.

பறவையையும் குரங்கையும் இவ்வாறு எதிரெதிரே நிறுத்துவது தமிழ் மரபின் தொன்மைக்கு உரியதா என்று நோக்குமிடத்து, அன்று என்பதே விடையாகும். கபிலரின் இரு பாடல்களை எடுத்துக்கொள்வோம். அகநானூற்று 82ஆம் பாடலிலே மூங்கிற்றுளையிற் புகுந்த காற்று குழலாகவும், அருவி முழவாகவும், வண்டு யாழாகவும் ஒலிக்க, மயில் விறலிபோல ஆடுகின்றது. மந்திகள் அவையாக அமர்ந்து வியந்து நோக்குகின்றன. அவை என்பது சாதாரண சொல்லன்று. கலையை மதிப்பிடும் தகுதி பெற்றோரின் கூட்டத்துக்கு அப்பெயர். குரங்குக்குக் கலையை நுகரும் உள்ளம் உண்டென்று புலவர் துணிந்து கூறுகின்றார். குறுந்தொகை 38ஆம் பாடலோ அவ்வளவு இனிமையானதன்று. காட்டு மயில் பாறையில் இட்ட முட்டையை வெயிலில் விளையாடும் முசுக்குட்டி உருட்டுகின்றது. முட்டை உடையலாம். எனினும் இங்கே சினமில்லை, பழியில்லை. தலைவனது பொறுப்பற்ற விளையாட்டில் தலைவியின் வாழ்வு உருளுகின்றது என்னும் உட்குறிப்பு அதிலுண்டு. குற்றமெனில் அது மலைநாட்டுத் தலைவனது குற்றம். குரங்குக்குட்டி குட்டியாகவே இருக்கிறது.

குறுந்தொகை 69ஆம் பாடலிற் கணவனை இழந்த மந்தி, மரமேறவும் பழகாத தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலைச்சரிவிற் பாய்ந்து உயிர் விடுகின்றது. கைம்மைத் துயரையும் உடன்மாய்தலையும் இலட்சியமாக்கும் அதன் போக்கினை நாம் ஏற்பதற்கில்லை. குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைக்கும் அந்தக் கணநேரப் பொறுப்புணர்ச்சியே நம்மை நிறுத்துகின்றது. குடும்பம், உறவு, கடமை என்று மனிதனுக்குரியதாக நாம் கருதும் யாவும் அங்கே குரங்குக்கு அளிக்கப்பட்டுள.

தொல்காப்பிய மரபியல் பெயர் வழக்கினைத் தொகுத்துரைக்குமிடத்து, பறப்பவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களைக் கூறுகின்றது. குரங்கின் இளமைக்கோ குட்டி என்பதோடு மகவு, பிள்ளை, பறழ், பார்ப்பு என்பனவும் உரியவாம். ஆகக் குரங்குக்குட்டியை மனிதக் குழந்தைக்குரிய மகவு என்னும் சொல்லாலும், பறவைக் குஞ்சுக்குரிய பார்ப்பு என்னும் சொல்லாலும் அழைக்க அம்மரபு இடந்தந்தது. விலங்கினுள்ளும் ஒருசாரன ஆறறிவு உடையன என்ற கருத்துக்கு எடுத்துக்காட்டுத் தரவந்த பழைய உரை, கிளியையும் குரங்கையும் யானையையும் ஒரே வரிசையில் நிறுத்துகின்றது. பறவையும் குரங்கும் ஆறாவது அறிவிற்குச் சேர்ந்தே தகுதிபெற்ற இடம் அது. பின்வந்த கம்பனும் ஒரு வானரத்தையே ‘சொல்லின் செல்வன்’ ஆக்கினான். மருதனார்மடத்து ஆஞ்சநேயரை வணங்கிவிட்டு வந்து, பிள்ளையைக் ‘குரங்கே’ என்று ஏசுவோர் இம்முரணை உணர்வதில்லை. வழிபடும் குரங்கு தொண்டு செய்த குரங்கு. ஏசப்படுவது எதிர்த்து நின்ற குரங்கு என்று விளக்கம் கூறலாம்போலும்.

இவ்வொப்புமையை நவீன காலத்திலே கையிலெடுத்துத் திருப்பிப் போட்டவர் பாரதி. புதுவை வாழ்க்கையின்போது (1908–1918) அவர் இயற்றிய ‘குயில் பாட்டு’ பற்றி எழுதியோர் பலரும் அதன் இசைவளத்தையும் காதலையும் இறுதியில் வரும் வேதாந்தப் பேச்சையுமே ஆராய்ந்தனர். குயில் குரங்குக்குக் காதல் கூறும் பகுதியை நகைச்சுவை என்ற அளவில் விட்டுவிட்டனர். நமது நோக்கிற் காவியத்தின் கூர்மை அங்கேதான் உள்ளது.

சோலையிலே தன்னைக் காதலிப்பதாகக் கூறிய குயில், மறுநாள் ஒரு குரங்கிடம் அதே காதலைப் பேசக் கேட்கிறான் கதைசொல்லி. குயில் குரங்கினத்தை மனிதரோடு ஒப்பிட்டுப் போற்றுகின்றது. உடலை மூட உடை, முகத்தை ஒப்பனை செய்யத் தாடி மீசை, குதித்தாடக் குடி, உயரம் ஏற ஏணி என்று மனிதர் எத்தனை முயன்றாலும் குரங்கின் நேர்த்தி அவர்களுக்கு வாய்க்குமோ என்று கேட்கின்றது. வாலுக்கு ஈடாக மனிதரிடம் இருப்பது தலைப்பாகையின் தொங்கல் மட்டுமே. இவ்வாறு புகழ்ந்து செல்லும் குயில் குரங்கின் சைவ உணவையும் ஒரு பெருமையாக எடுத்துக் கூறுகின்றது. மரக்கறியுணவைச் சாதி மேன்மைக்கு அடையாளமாகக் கொண்டொழுகிய யாழ்ப்பாணத்தில் இவ்விடம் பெறக்கூடிய அர்த்தம் தனியானது. (செங்குரங்கு பூச்சியையும் வாய்ப்பு நேர்ந்தால் முட்டையையும் உண்ணும் என்பது பாரதியின் குயிலுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.) தலைப்பாகை, தாடி, போசனம் என மனிதர் தம்முள் ஏற்றத்தாழ்வு கற்பிக்கும் சின்னங்கள் யாவும் குரங்கின் முன்னே போலிகளாகி உதிர்கின்றன. விவேகசிந்தாமணிப் பறவை குரங்கை நோக்கி ‘மனிதன் போலிருந்தும் ஏன் இப்படி’ என்றது. பாரதியின் பறவை ‘மனிதர் எவ்வளவு முயன்றும் உம்மைப்போல் ஆகிலரே’ என்கின்றது.

இதனைக் கேட்ட கதைசொல்லிக்கு வரும் சினம் கவனிக்கத்தக்கது. அவன் வாளை வீசுகிறான். பழைய கதையிற் பறவையின் சொல் பொறாமல் வன்செயலில் இறங்கியது குரங்கு. இங்கே அதே காரணத்தால் வன்செயலில் இறங்குபவன் மனிதன், அதிலும் கவிஞன். குரங்கோ குயிலின் புகழுரை கேட்டு மகிழ்ந்து ஆடுகின்றது. இந்த இடமாற்றம் பாரதி அறிந்தே செய்ததா என்பது நமக்கு முக்கியமன்று; பாடலில் அது நிகழ்ந்துள்ளது.

நம் கவனத்துக்குரிய மற்றொரு செய்தி, குயிலும் வீடற்றது என்பது. அது கூடு கட்டுவதில்லை. காகத்தின் கூட்டில் முட்டையிட்டு, வளர்க்கும் வேலையையும் காகத்திடமே விட்டுவிடுகின்றது. தூக்கணாங்குருவியின் அளவுகோலாற் பார்த்தாற் குரங்கினும் குற்றமுடையது குயில். குரங்கு தன் குட்டியைத் தானே சுமக்கிறது. எனினும் வீடு கட்டாமைக்காகக் குயிலை இகழ்ந்த நீதிநூல் ஒன்றினை நாம் கண்டதில்லை. இனிய குரலுடையது என்னும் ஒரே காரணத்தால் அது மன்னிக்கப்பட்டது. அந்தக் குரலும் ஆணினுடையது. புள்ளியிட்ட பெண்குயில் அவ்வாறு பாடுவதில்லை. பாரதியும் மரபைப் பின்பற்றிப் பாடுங் குயிலைப் பெண்ணாக்கினார். கவிதைக்கு அவ்வுரிமை உண்டு. ஆனால் எந்தப் பிழையைக் கவிதைக்குரிய உரிமை என்று ஏற்கிறோம், எதனை ஈனம் என்று தண்டிக்கிறோம் என்பதிலே நமது சார்பு வெளிப்பட்டு விடுகின்றது.

பாரதியின் துணிவு காவியத்தின் இறுதிவரை நிலைக்கவில்லை என்பதையும் கூறாதிருக்க இயலாது. நான்காம் நாள் குயில் தன் முற்பிறப்பு வரலாற்றைச் சொல்கின்றது. சேரநாட்டு மலையிலே வேடர் தலைவன் மகளாகச் சின்னக்குயிலி என்ற பெயருடன் பிறந்தவள் அவள். முறை மாப்பிள்ளை மாடன். மணம்பேசப் பெற்றவன் வேற்று மலை வேடர்கோனின் மகன் நெட்டைக்குரங்கன். அவள் உள்ளங்கவர்ந்தவனோ வேட்டைக்கு வந்த சேர இளவரசன். மாடனும் குரங்கனும் இளவரசனை வெட்ட, அவன் அவ்விருவரையும் கொன்று தானும் மடிகிறான். மறுபிறப்பிலே இளவரசன் மனிதனாக, கவிஞனாக வருகிறான். வேடர் இருவரும் பேயாய்த் திரிந்து, மாட்டின் வடிவிலும் குரங்கின் வடிவிலும் சோலையிலே தோன்றுகின்றனர். அரச குலத்தவன் மீண்டும் மனிதன், மலைக்குடியினர் மிருகம். முதலிலே குரங்கின் முன்னர் மனிதனது மேன்மையைக் கலைத்த கவிஞரே, முடிவில் யார் குரங்காகப் பிறப்பர் என்பதற்குப் பழைய விடையையே தந்துவிடுகிறார்.

பெயர்களும் இதற்குத் துணைபோகின்றன. மாடன் என்பது தென்பாண்டி நாட்டில் உழைக்கும் மக்கள் வழிபடும் தெய்வத்தின் பெயர். சுடலைமாடன் கொடை இன்றும் நடைபெறுகின்றது. அத்தெய்வத்தின் பெயரை ஒருவனுக்கு இட்டு, பின் அப்பெயரை வைத்தே அவனை மாடாக்குவது சொல் விளையாட்டுத்தான். ஒடுக்கப்பட்டோர் தம் பிள்ளைகளுக்கு விரும்பிய பெயரைச் சூட்டுதற்கும் தடையிருந்த சமுதாயத்தினின்று வரும் நமக்கு அவ்விளையாட்டில் நகை தோன்றவில்லை. பாரதியின்பால் நாம் கொண்ட மதிப்பு இதனைக் கூறுவதாற் குறைவதன்று. குறை காணாத வழிபாடு அவருக்கு ஒரு பயனும் தராது. காவிய இறுதியிலே இதற்கு வேதாந்தமாகப் பொருள் விரிக்க இடமுண்டாயின் கூறுமாறு புலவரை அவர் கேட்கின்றார். அறுபது எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பலர் அந்த அழைப்பை ஏற்றுச் சீவான்மாவையும் பரமான்மாவையும் கண்டனர். சீவான்மா குயிலென்றும் பரமான்மா கவிஞனென்றும் கொண்டால், குரங்கு மலமாகவோ மாயையாகவோ ஆகிவிடுகிறது. சின்னக்குயிலியை மணம்பேசிய வேடன் இவ்விளக்கத்தில் மூன்றாம் முறையும் கொல்லப்படுகிறான்.

குரங்கின்மேற் பழிசுமத்துவது அண்மைக் காலத்திலும் எளிதாகவே உள்ளது. செங்குரங்குகள் ஓரிலட்சத்தைச் சீனாவுக்கு ஏற்றுமதி செய்யும் யோசனை 2023இல் அரசினரால் வெளியிடப்பட்டு, எதிர்ப்பின்பின் கைவிடப்பட்டது. 2025 பெப்ரவரியில் நாடு முழுவதும் மின்தடை ஏற்பட்டபோது பாணந்துறைத் துணைமின் நிலையத்திற் புகுந்த ஒரு குரங்கே அதற்குக் காரணம் எனப்பட்டது. ஒரு குரங்கு தொட்டமாத்திரத்தே தேசம் முழுவதும் இருளும் மின்வலையமைப்பின் பலவீனம்பற்றிய கேள்வி அதன் பின்னரே எழுந்தது. தென்னையையும் தோட்டப் பயிரையும் குரங்கிடம் பறிகொடுக்கும் கமக்காரனின் இழப்பு உண்மையானது. அதனைக் கேலிக்குரியதாக்க நாம் விரும்பவில்லை. காடழிந்து குரங்கு ஊருக்குள் வந்த கதையில் அவனும் குரங்கும் ஒரே பக்கத்தில் நிற்கின்றனர் என்பதை மட்டும் குறிப்பிட்டு அமைவோம்.

ஆராய்ச்சிக்கு இன்னும் இடமிருக்கும் ஒரு துறையைச் சுட்டுவது நம் கடமை. நாம் இங்கு எடுத்துக்கொண்டவை யாவும் ஏட்டில் ஏறியவை, கற்றோர் எழுதியவை. குரங்கோடு நாள்தோறும் வாழ்வோரான வன்னிக் கமக்காரரும், தேனெடுப்போரும், மலையகத் தோட்டத் தொழிலாளரும் இக்கதையை எவ்வாறு சொல்கின்றனர்? அவர்கள் வாயிற் குருவி என்ன சொல்கிறது, குரங்கு விடை ஏதும் கூறுகின்றதா, இல்லை நேரே கையோங்குகின்றதா? மானிப்பாயிலும் சூழவுள்ள ஊர்களிலும், சமவாசனம் வந்த காலத்திற் பள்ளிக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் வீடுகளிலே இக்கதை சொல்லப்பட்டதா, சொல்லப்பட்டதாயின் எப்படி முடிந்தது? அக்காலத்தை நேரிற் கண்டோர் பெரும்பாலும் மறைந்துவிட்டனர். அவர்களிடம் கதை கேட்ட பேரப்பிள்ளைகள் இன்று முதுமையில் இருக்கின்றனர். ஒலிப்பதிவுக் கருவியொன்றும் இரண்டு மாத விடுமுறையும் இருந்தால் நமது சங்கத்து மாணவர் நால்வர் இவ்வேலையைத் தொடங்கிவிடலாம்.